பரிசலில் அசையாமல் உட்கார்ந்த நாள்

ஏறியதும் அசையக் கூடாது என்று பரிசல்காரர் சொன்னார். பரிசல் என்றால் ஒரு பெரிய மூங்கில் கூடைதான். அடியில் எருமைத் தோல், அதன் மேல் தார். ஒருத்தர் எழுந்து நின்றால் மொத்தக் கூடையும் சாயும். "கோழி அடைக்கு உக்காந்த மாதிரி இருக்கணும் தாயி" என்றார். சரி என்று தலையை ஆட்டினேன். அன்றைக்கு என்னால் முடியாத ஒரே காரியம் அதுதான்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். மூத்தவனுக்கு ஏழு மாதம். கார்த்திகை மழையில் ஆத்தூர் நீர்த்தேக்கம் நிறைந்து மறுகால் போகிறது, பரிசலுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், இரண்டு பேரும் வாருங்கள் என்று செம்பட்டியிலிருந்து என் நாத்தனார் வீட்டுக்காரர் ஆள் அனுப்பியிருந்தார். என் வீட்டுக்காரர் கத்தரித் தோட்டத்தை விட்டு ஒரு நாள் நகர மாட்டார். ஆனால் அந்த வாரம் முழுக்க அவர் இந்தப் பேச்சாகவே இருந்தார். நாங்கள் சேர்ந்து போன இடம் என்றால் மறுவீடு, அப்புறம் திண்டுக்கல் ஆஸ்பத்திரி. அவ்வளவுதான்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றுதான் நினைத்தேன். என் மாமியார் விடவில்லை.

"பழனிக்கு நேந்த முடி அவன் தலையில இருக்கு. முடி எறக்காத பிள்ளைய தண்ணி மேல கொண்டு போவாகளா? தை மாசம் மொட்டை போட்ட பெறகு எங்க வேணாலும் தூக்கிட்டுத் திரி."

"பால் குடிக்கணுமே அத்தை."

"மத்தியானத்துக்குள்ள வந்துருவீகள்ல. அதுவரைக்கும் பாலாடையில ஆட்டுப்பால் ஊத்துறேன். ஒம் புருசன் அதக் குடிச்சுத்தான் வளந்தான்."

பாலாடையின் மூக்கை உதட்டில் வைத்தாலே அவன் துப்புவான். அது எனக்குத் தெரியும், மாமியாருக்கும் தெரியும். ஆனால் வாசலில் என் வீட்டுக்காரர் வெளுத்த வேட்டி கட்டித் தலையைப் படிய வாரி நின்றார். அதைப் பார்த்த பிறகு மாட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. விடியுமுன் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

பஸ் பிடித்து, செம்பட்டியில் இறங்கி, அங்கிருந்து மாட்டுவண்டியில் போய்ச் சேரும்போதே வெயில் ஏறிவிட்டது. கரையில் அண்ணனும் மதினியும் காத்திருந்தார்கள். நாத்தனாரை நான் மதினி என்றும் அவர் வீட்டுக்காரரை அண்ணன் என்றும் கூப்பிடுவேன். புளிச்சோற்றுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு மதினி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆண்கள் இருவரும் எதிரே. பரிசல்காரர் ஓரத்தில் குத்துக்காலிட்டுத் துடுப்புப் போட்டார்.

தண்ணீர் அழகாகத்தான் இருந்தது. அவ்வளவு தண்ணீரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். இங்கே மலையடிவாரம் வரைக்கும் ஒரே வெளிச்சமாக விரிந்து கிடந்தது. பரிசல் நேராகப் போவதில்லை, மெல்லச் சுற்றிக்கொண்டே போகிறது. மலை முகத்துக்கு நேரே வரும், பிறகு முதுகுக்குப் போகும். ஒவ்வொரு சுற்றிலும் நாங்கள் ஏறின கரை கொஞ்சம் சின்னதாகிவிடும். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்பிடி இருக்கு?" என்றார் என் வீட்டுக்காரர். பெரியவர்கள் முன்னால் அவர் என்னிடம் நேராகப் பேசுவதே அபூர்வம்.

"நல்லாருக்கு" என்றேன்.

நடுவில் போய்த் திரும்பிவிடலாம் என்றுதான் பேச்சு. ஆனால் அண்ணனுக்கு ஆசை விடவில்லை. "ஆறு வந்து விழுகுற எடம் வரைக்கும் போவம் மாப்ள. அங்க பாறை இருக்கு, சோத்தத் திம்போம். இம்புட்டுத் தூரம் வந்துட்டு அதப் பாக்காமப் போறதா?"

"ஆத்து வாய்க்குப் போகச் செத்த நேரந்தான்" என்றார் பரிசல்காரர். பரிசல்காரருக்குச் செத்த நேரம் என்பது எவ்வளவு என்று எங்களுக்கு யாருக்கும் தெரியாது.

பாதி தூரத்தில் எனக்குப் பால் கட்ட ஆரம்பித்தது. முதலில் பாரம். பிறகு அக்குள் வரைக்கும் கல் வைத்த மாதிரி வலி. பிள்ளை அழுகிற நேரம் அது. அவன் அங்கே அழுதால் எனக்கு இங்கே சுரக்கும், அது பிள்ளை பெற்றவளுக்குத் தெரியும். முந்தியை இழுத்து இரண்டு சுற்றாகப் போர்த்திக்கொண்டேன். புரண்டு உட்கார வேண்டும் போல் இருந்தது. கொஞ்சம் அசைந்தாலும் பரிசல் சாய்ந்து, எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

மதினியிடம் சொல்லியிருக்கலாம். அங்கே இருந்த ஒரே பெண் அவர்தான். ஆனால் மதினிக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை. அவர் வந்தால் எங்கள் வீட்டில் தொட்டிலைக்கூட உள் அறைக்கு மாற்றிக் கட்டுவோம். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் சொன்னதில்லை, எல்லாரும் செய்வோம். அவரிடம் போய் எனக்குப் பால் கட்டுகிறது என்று எந்த வாயால் சொல்வது?

பாறையில் இறங்கிச் சாப்பிட்டோம். ஒதுங்கிப் போய்ப் பீய்ச்சிவிடலாம் என்று பார்த்தேன். பாறை முழுக்கக் கட்டெறும்பு. பாலைத் தரையில் விட்டு எறும்பு மொய்த்தாலோ கால் பட்டாலோ சுரப்பு நின்றுபோகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பிள்ளை பசியோடு கிடக்கும் நாளில் அதைச் சோதித்துப் பார்க்கத் தைரியம் இல்லை. தண்ணீரில் விடலாம், ஆனால் தண்ணீர் ஓரத்தில் ஆண்கள் கால் நனைத்துக்கொண்டு நின்றார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தேன். சோறு இறங்கவில்லை.

மறுபடி ஏறியதும் அண்ணன், "ஆத்துக்குள்ள கொஞ்சம் ஏறிப் பாப்பமா?" என்றார்.

"திரும்பச் சொல்லுங்க" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அண்ணன் முன்னால் நானாக என் வீட்டுக்காரரிடம் பேசின முதல் வார்த்தை அது.

அண்ணன் சிரித்தார். "தங்கச்சிக்குப் பயமாக்கும். மாப்ள, ஒம் பொண்டாட்டிய இடுப்புல கயிறு கட்டிப் பிடிச்சுக்க."

என் வீட்டுக்காரரும் சிரித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். போர்த்தியிருந்த முந்தியிலும் ஈரம் படர்ந்திருந்தது.

மதினி அதைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஆண்களிடம் சொன்னார்: "சிரிச்சது போதும். ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க. மலையப் பாருங்க, நான் சொல்ற வரைக்கும் தலையத் திருப்பக் கூடாது. நீங்களும்தான் அப்பு. பரிசலச் சாயாமப் பிடிங்க."

"எதுக்குடி?" என்றார் அண்ணன்.

"பிள்ளைக்காரிய விடியுமுன்ன கெளப்பிக் கூட்டிட்டு வந்துட்டு எதுக்குன்னு கேக்குறீக."

ஆண்கள் இருவரும் எதிர் ஓரத்தில் பாரமாக அழுத்தி உட்கார்ந்தார்கள். அந்தப் பாரத்தில்தான் நான் இந்த ஓரத்துக்கு நகர முடிந்தது. மதினி தன் முந்தியை விரித்து மறைத்துப் பிடித்தார். "ஓடுற தண்ணிக்குத் தோசமில்ல. விடு" என்றார். என் பிள்ளையின் சாப்பாடு வெள்ளை நூலாகத் தண்ணீரில் இறங்கிக் கலைந்து போனது. வலி குறையக் குறைய எனக்கு அழுகை வந்தது.

மதினி என் காதருகே குனிந்து, "ஏ புள்ள, என்ட்ட சொல்றதுக்கென்ன?" என்றார். "சொன்னா நான் கண்ணு வச்சிருவேனா?"

"இல்ல மதினி."

"நீங்க தொட்டில ஒளிச்சு வைக்கிறதெல்லாம் எனக்குத் தெரியும்."

அவர் முந்தியை உதறிச் சரி செய்துகொண்டு, "திருப்புங்க அப்பு பரிசல" என்று சத்தமாகச் சொன்னார்.

திரும்பும்போது எதிர்காற்று. பரிசல்காரர் எவ்வளவு போட்டும் கரை கிட்டவே வரவில்லை. என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, "இன்னொரு துடுப்பு இருக்கா?" என்று கேட்டு வாங்கிக் கூடவே போட்டார். வெளுத்த வேட்டி முழங்கால் வரைக்கும் நனைந்தது. பழக்கமில்லாத கை, பரிசல் இன்னும் வேகமாகச் சுற்றியதுதான் மிச்சம். நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

வீடு வந்தபோது விளக்கு ஏற்றியிருந்தார்கள். மாமியார் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முகம் வாடியிருந்தது.

"ரெண்டு பாலாடை துப்பிட்டான். தொண்டை கட்டுற மட்டும் அழுதான். மூணாவதக் குடிச்சான்" என்றார். "இப்பத்தான் தூங்குறான். எழுப்பாத."

பிள்ளையின் கன்னத்தில் கண்ணீர் காய்ந்து உப்பாக இருந்தது. மாமியார் சொல்லை அதுவரை நான் மீறியதில்லை.

"எழுப்புறேன் அத்தை" என்றேன். தொட்டில் சேலையை விலக்கி அவனைத் தூக்கினேன்.