நெலிதா நட்ட சிலுவை

எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. சம்பந்தப்பட்டவளே வாயைத் திறப்பதில்லை, எனக்குத்தான் வயிறெரிகிறது.

நெலிதா என் எதிர்வீட்டுக்காரி. வயது நாற்பத்தொன்பது. எங்கள் மலையூர் மந்தாரோ ஆற்றோரம் அவள் புருஷன் ஃபாஸ்தினோ போடும் குழியடுப்பு விருந்துக்குச் சுற்றுப்பட்ட ஊரெல்லாம் வரும். குழி வெட்டி, கற்களைத் தீயில் பழுக்கக் காய்ச்சி, ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் மொச்சையும் அடுக்கி மண்போட்டு மூடுவோம். பேர் ஃபாஸ்தினோவுக்கு. கல் பொறுக்குவது நெலிதா. மலைச்சரிவில் ஏறி ஒவ்வொரு கல்லையும் இன்னொரு கல்லால் தட்டி, சத்தம் கேட்டுத்தான் எடுப்பாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கல்கூட வெடித்ததில்லை.

மூடிய மேட்டின்மேல் பூச்சுற்றிய சிலுவை நடுவது எங்கள் வழக்கம். நடுகிறவர் தன் பேரை உரக்கச் சொல்ல வேண்டும். சமைத்தவர் நடுவதில்லை, விருந்தாளிகளில் ஒருவர்தான் நடுவார். "குழியடுப்புப் போட்டிக்கு நம்மளக் கூப்பிடுற வருஷம் நீதான்டி நடணும், வழக்கமாவது மண்ணாவது" என்று ஃபாஸ்தினோ அவளிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறான்! என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

போன ஜூனில் கூப்பிட்டார்கள். நெலிதா புதுப் பாவாடை தைத்துக்கொண்டாள். அவன் என்ன செய்தான் தெரியுமா? படம் எடுக்க வருகிறார்கள், உன் கரிபிடித்த கல்லையெல்லாம் தூக்கிப் போடு என்று சொல்லிவிட்டு, ஆற்றிலிருந்து வழவழவென்று வெள்ளைக் கல் ஒரு லாரி இறக்கினான். அவள் இரண்டைத் தட்டிப் பார்த்து, உள்ளே ஈரம் இருக்கிறது, வெடிக்கும் என்றாள். அவன் சிரித்தான்.

போட்டியன்று சிலுவையை மாரிஸோல் கையில் கொடுத்தான். கடைத்தெருவில் அழகுநிலையம் வைத்திருக்கும் இருபத்தாறு வயதுக்காரி. ஒலிபெருக்கியில் அவளைத் தன் வலதுகை என்றான். நெலிதாவைக் காட்டி, கிழங்கு கழுவுறவங்க என்றான். பெண்டாட்டி என்றுகூடச் சொல்லவில்லை, பாவி.

தீ மூட்டி அரைமணி ஆகவில்லை, முதல் கல் வெடித்தது. பின்னாலேயே இன்னும் நாலு. முன்னால் நின்ற பிள்ளைகளை நெலிதாதான் இழுத்துத் தள்ளினாள். ஒரு சில்லு அவள் முழங்கையைக் கிழித்தது. மாரிஸோல் சிலுவையைப் போட்டுவிட்டு ஓடியே போனாள்.

ஃபாஸ்தினோ வேர்த்து விறுவிறுத்து வந்தான். "நெலி, நம்ம பழைய கல்லக் கொண்டா. சிலுவையும் நீயே நடு."

"தூக்கிப் போடச் சொன்னியே. நேத்தே இவ தோட்டத்துல போட்டுட்டேன்" என்று என்னைக் காட்டினாள்.

"போய் எடுத்துட்டு வாயேன்."

"கல்லும் வராது. நானும் வரமாட்டேன்."

குழியை மூடாமலே விட்டுப் போனான். அன்று சாயங்காலம் அவள் என் அடுப்படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். "பக்கத்துலயேதான்டி நின்னேன், இருபத்திரண்டு வருஷம். அவன் என்னைப் பாக்கவே இல்ல" என்றாள். நானும் சேர்ந்து அழுதேன்.

இரண்டு ஞாயிறு கழித்து என் தோட்டத்திலேயே குழி வெட்டினோம். அதே கரிபிடித்த கற்கள். முப்பது பேர் வந்தார்கள். மண் மூடியதும் சிலுவையை யார் நடுவது என்று ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்தார்கள். நெலிதா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எடுத்தாள். சமைத்தவள் நடலாமா என்று யாரோ முனகினார்கள். நட்டுவிட்டாள்.

பேரைச் சொல்ல வாயெடுத்தவள் நின்றாள். ஊரே அவளை ஃபாஸ்தினோ பெண்டாட்டி என்றுதான் கூப்பிடும்.

"நெலிதா பௌகார்" என்று பிறந்த வீட்டுப் பேரோடு முணுமுணுத்தாள்.

"கேக்கலடி" என்றேன்.

இரண்டாம் தடவை சொன்னது, சாலைக்கு அந்தப் பக்கம் தன் காலி முற்றத்தில் நின்ற ஃபாஸ்தினோவுக்கும் கேட்டது.