பெயரைத் திருப்பித் திருப்பிக் கேட்ட பிள்ளை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதிப் பழக்கமில்லாத ஆள். பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு பேனை பிடித்ததெல்லாம் படிவங்களில் கையெழுத்துப் போடத்தான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிற ஒருவன் பத்திரிகைக்கு எழுதுவது அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரியலாம். மனைவிதான், "அண்டைக்கு ஒருக்கா எழுதினனீங்கள்தானே, இதையும் எழுதுங்கோ" என்றாள். அந்த ஒருக்கா நடந்த கதைதான் இது.

போன வருடம், வெங்காயம் கிண்டி எடுக்கிற காலம். எனக்கு உரும்பிராயில் தோட்டம். தண்ணீர் இறைக்கிற மோட்டருக்கு மேலே மூடியிருந்த பழைய தகரத்தை இழுத்தபோது அது குதிக்காலை வெட்டிவிட்டது. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் வேலை செய்தேன். மூன்றாம் நாள் கால் செருப்புக்குள் போகவில்லை. மனைவியின் ஏச்சுத் தாங்காமல் மினிபஸ் ஏறி யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன்.

அன்றைக்கு அங்கே இரண்டு டொக்டர்மார். எனக்குப் பதினாலாம் இலக்கத் துண்டு கிடைத்தது. டொக்டர் காயத்தைப் பார்த்தார். இளம் வயதில் ஒரு ஊசி ஒத்துவராமல் முகம் வீங்கி மூச்சடைத்த கதையை அவருக்குச் சொன்னேன். அதை என் கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதினார். தகரம், ஆணி வெட்டினால் போடுகிற ஏற்பு ஊசியைப் போட்டு மருந்து கட்டச் சொன்னார். கோப்பு ஊசி போடுகிற அறைக்குப் போனது. நான் வெளியே கதிரையில் இருந்தேன்.

அந்த அறை வாசலில் இளநீலச் சீருடையோடு பயிற்சிப் பிள்ளைகள் நின்றார்கள். நகரத்தில் மருத்துவ உதவியாளர் படிப்புச் சொல்லிக் கொடுக்கிற ஒரு கல்லூரியிலிருந்து வந்தவர்கள். பதிவது, கோப்பு அடுக்குவது, பிரஷர் பார்ப்பது, ஊசி அறையில் தாதிக்கு உதவி செய்வது எல்லாம் அங்கே பழகுகிறார்கள். அவர்களுடைய ரீச்சர் மடியில் ஒரு மட்டையை வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரையும் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பக்கத்தில் காங்கேசன்துறைப் பக்கத்துக் கடற்தொழிலாளி ஒருவர் இருந்தார். நல்ல பகிடிக்காரர். "அண்ணை, உதுகள் முதல் குத்திப் பழகிறது வாழைக்குத்தியிலையாம். ரெண்டாவது எங்களிலை" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்க எழும்பிப் போனார். நான் சிரிக்கவில்லை.

வாசலில் நின்ற ஒரு மெலிந்த பிள்ளையிடம் ரீச்சர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "இண்டைக்கும் ஆக்களை மறிச்சு வைச்சுக்கொண்டு நிண்டீர் எண்டால், நீர் திருப்பி முதலிலையிருந்துதான் படிக்க வேணும்." பிள்ளை ஓம் என்று தலையாட்டினாள். காது இரண்டும் சிவந்துவிட்டன.

கொஞ்ச நேரத்தில் ஒரு உதவியாளர் கையில் கோப்போடு வந்து, "பதினாலு, ஊசிக்கோ?" என்றார். ஓம் என்று எழும்பினேன். அவர் கோப்பை அந்த மெலிந்த பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அவள் கோப்பைத் திறந்து பார்த்தாள். பிறகு அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, "உங்கடை முழுப் பேர் என்ன ஐயா?" என்று கேட்டாள். கையிலேயே பெயர் இருக்கிறது. பிறகு எதற்குக் கேட்கிறாள்? ஏன் மறைக்கிறாள்? வாய்க்குள் முணுமுணுத்துச் சொன்னேன். பிறந்த திகதியைக் கேட்டாள். சொன்னேன். திரும்பவும் பெயரைக் கேட்டாள்.

என் வயதுக்காரர்களுக்கு இது விளங்கும். சண்டைக் காலத்தில், சோதனைச் சாவடியில் சீருடை போட்டவர்கள் பெயரை ஒருதரம் கேட்டால் வீட்டுக்குப் போகலாம். இரண்டாம் தரம் கேட்டால் வீடு திரும்புவது நிச்சயமில்லை. அப்போது பழகியதுதான், எதைக் கேட்டாலும் முழுதாகக் கேட்க முதலே ஓம் சொல்லிவிடுவது. இந்தப் பிள்ளை என்ரை மகளின் வயது, இது ஆஸ்பத்திரி என்று மூளைக்குத் தெரிகிறது. உள்ளங்கைக்குத் தெரியவில்லை. வேர்த்துவிட்டது.

"என்ரை பேர் அந்தக் கடதாசியிலை இருக்குத்தானே, பிள்ளை?"

"இருக்கிறது உங்கடை பேரோ எண்டுதான் ஐயா பாக்கிறன். கொஞ்சம் இருங்கோ."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவு இடுக்கால் பார்த்தேன். தாதியிடம் ஏதோ குசுகுசுத்தாள். தாதி முகத்தைச் சுழித்தார். எனக்குச் சந்தேகம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியது. டொக்டர் எனக்குச் சொல்லாத நோய் வருத்தம் ஏதாவது அதில் எழுதியிருக்கிறாரோ? அல்லது இன்றைக்கு இவள் குத்திப் பழகப் போவது என்னிலோ? அதற்குத்தான் தாதியிடம் அனுமதி கேட்கிறாளோ?

அந்த நேரம் பார்த்து ரீச்சர் என்னிடம் வந்து, பிள்ளைகள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கேட்டார். வழக்கமாக இப்படிக் கேட்டால் நல்லம் என்று சொல்லித் தப்பிவிடுவேன். அன்றைக்கு மட்டும் எங்கிருந்தோ வாய் வந்தது. "கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேக்குது. வேலை தெரியாது போலை" என்றேன். ரீச்சர் தலையாட்டிவிட்டு மட்டையில் எழுதினார். சற்று முன் அந்தப் பிள்ளைக்கு அவர் சொன்னதை நானும் கேட்டிருந்தேன். தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

ரீச்சர் அடுத்த அறைக்குப் போனார். பிள்ளை வெளியே வந்தாள். இப்போது கையில் இரண்டு கோப்புகள். மற்ற டொக்டரிடமும் ஒரு பதினாலு இருந்திருக்கிறார். முதலில் வந்தது அவருடைய கோப்பு. தாதி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என் கோப்பில் சிவப்பு மையில் இருந்த ஊசியும் மற்றக் கோப்பில் போடச் சொல்லியிருந்த ஊசியும் ஒன்று. தாதி என் முகத்தைப் பார்த்தார். அவர் ஒத்துவராத ஊசி உண்டோ என்று கேட்டிருந்தாலும், டொக்டருக்குச் சொல்லியாச்சு என்றுதான் சொல்லியிருப்பேன். எனக்கு என்னைத் தெரியும்.

அந்த மற்றப் பதினாலு வேறு யாருமில்லை, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்த அதே கடற்தொழிலாளிதான். "என்ரை ஊசியைக் களவெடுக்கப் பாத்தீரோ அண்ணை?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் அந்தப் பிள்ளையிடம், ஏன் நேரே பெயரைச் சொல்லி நீங்கள் இன்னாரோ என்று கேட்கவில்லை என்று விசாரித்தேன்.

"அப்பிடிக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பியள் ஐயா?"

யோசித்துப் பார்த்தேன். "ஓம் எண்டிருப்பன்."

"அதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அப்போதே ரீச்சரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. தாதி ஏற்பு ஊசி போட்டு மருந்தும் கட்டிவிட்டார். கூச்சம் என்னை வெளி வாசல்வரை கொண்டுபோனது. ஒரு ஓட்டோவை மறித்து ஏறியும் விட்டேன். பஸ் நிலையத்துக்கோ என்று அந்தப் பெடியன் கேட்டான். ஓம் என்று வாய் தன்பாட்டில் சொன்னது. அந்தச் சத்தம் என் காதிலேயே விழுந்தது. இல்லைத் தம்பி, ஒரு அலுவல் கிடக்கு என்று சொல்லி இறங்கினேன்.

நொண்டிக்கொண்டு திரும்பிப் போய் ரீச்சரைத் தேடிப் பிடித்தேன். நான் சொன்னது பிழை என்று சொல்ல நாலைந்து தரம் தொடங்க வேண்டியிருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "எழுதினதை நான் வெட்டேலாது ஐயா. நீங்கள் விரும்பினா அதுக்குக் கீழை எழுதுங்கோ. பேரும் அடையாள அட்டை இலக்கமும் போட வேணும்" என்று மட்டையையும் பேனையையும் நீட்டினார்.

என் பெயரையும் அந்த இலக்கத்தையும் மற்றவர்களுடைய கடதாசியில் எழுதாமல் தப்புவதற்கு எத்தனையோ வருடம் பாடுபட்டவன் நான். நின்றபடியே எழுதினேன். இந்தப் பிள்ளை இரண்டுதரம் கேட்டதால்தான் எனக்குப் பிழையான ஊசி போடவில்லை, நான் அவசரப்பட்டுக் குறை சொல்லிவிட்டேன் என்று நாலு வரி. எழுத்து கோணல்மாணலாக வந்தது. பிள்ளைக்கு அது தெரியாது. சொல்ல வேண்டாம் என்று ரீச்சரிடம் கேட்டுக்கொண்டேன்.

யாரைப் பார்த்தாலும் சந்தேகப்படுகிற பழக்கம் என்னை எத்தனையோ இடத்தில் காப்பாற்றியதாக நினைத்திருந்தேன். அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது அந்தப் பிள்ளை என் ஓம் மீது பட்ட சந்தேகம் என்பதை இப்போதும் கையெழுத்துப் போடும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த நாள் மருந்து மாற்றிக் கட்டப் போனேன். அதே பிள்ளைதான் வாசலில் நின்றாள். பெயரைக் கேட்டாள். சத்தமாகச் சொன்னேன்.