சொந்தம் கேட்டு எடுக்கும் ரத்தம்

ரப்பர் பட்டையை முழங்கைக்கு மேல் கட்டியதும் சண்முகவள்ளி கண்ணை மூடிக்கொள்வாள். கட்டைவிரல் மட்டும் நரம்பைத் தேடிப் போகும். கேள்வி அப்போதுதான் வரும்: “வீட்டம்மா மாமன் மகளா, அக்கா மகளா?”

“ரத்தம் எடுக்க வந்தியா, பொண்ணு கேக்க வந்தியா?” என்றார் சின்னாளப்பட்டியில் ஒருவர்.

“ரெண்டுக்கும் இதக் கேட்டுத்தான மாமா ஆகணும்.” அவர் சிரித்து முடிப்பதற்குள் ஊசி உள்ளே போயிருந்தது.

மாரடைப்பு யாருக்கு வழிவழியாக வரும் என்று ஆராய்பவர்களுக்காக அவள் தெருத்தெருவாக ரத்தம் சேகரிக்கிறாள். வெள்ளிக்கிழமை யாரும் கை நீட்ட மாட்டார்கள். அன்று படிவம் நிரப்புவாள். ரத்தம் உறையாமலிருக்கக் குழாயை எட்டு முறை தலைகீழாகப் புரட்ட வேண்டும். மற்றவர்கள் குலுக்குவார்கள். இவள், தூங்கும் பிள்ளையை மறுபக்கம் படுக்கவைப்பதுபோலப் புரட்டுவாள். காயும் சுங்குடிச் சேலைகள் அசைய, மஞ்சளும் சிவப்பும் அவள் கைமேல் வந்து வந்து போகும். பார்ப்பவருக்கும் கண் சொக்கும்.

இரண்டாம் சுற்றில் செழியனும் கூட வருகிறான். முதல் சுற்று ரத்தத்தைக் கணினியில் கணக்காக்கியவன் அவன். மாரடைப்பு ஆபத்தைக் கணிக்கும் சூத்திரம் வெளிநாட்டாரின் மரபணுக்களிலிருந்து வந்தது. அதை இங்கே சரிபார்க்கும்போது, நெருங்கிய சொந்தங்களை நீக்க நிரலில் ஒரு வரி எழுதினான். வழக்கமான வரிதான். சொந்தங்களை வைத்துக்கொண்டே கணக்கிடும் முறையும் உண்டு, நாளாகும். மிஞ்சியவர்களுக்குச் சூத்திரம் பொருந்தியது; நீக்கியவர்களுக்குப் பொருந்துமா என்று பார்க்கவில்லை. தன் அப்பா சோலைமுத்துவுக்கும் போட்டுப் பார்த்தான். ஆபத்து குறைவு என்று வந்தது.

தை மாதம் நெஞ்சு வலித்தபோது அப்பா சோடா குடித்துவிட்டுப் படுத்தார். “வாயுதான். எம் மகனே கணக்குப் போட்டுச் சொல்லிருக்கான்.” பிறகு எழவில்லை.

“கணக்குல யாரத் தள்ளுன?” என்று இரண்டாம் சுற்றின் முதல் நாள் சண்முகவள்ளி கேட்டாள்.

“சொந்தக்காரங்களக்கா.”

“அப்ப இந்த ஊரவே தள்ளிட்டியே அப்பு.” படிவங்களைத் தட்டி அடுக்கினாள். “அம்புட்டுப் பேரு கதவயும் தட்டி வாங்கிட்டு வாரேன். இந்தத் தடவயும் தள்ளிருவியா?”

“அந்த வரிய எடுத்துட்டேன். நாளானா ஆகட்டும்.” சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினான்.

பட்டையைக் கட்டினாள். கண்ணை மூடினாள். “ஒங்கம்மா ஒங்கப்பாவுக்கு என்ன மொற வேணும்?”

“அக்கா மக.”

கட்டைவிரல் ஓரிடத்தில் நின்றது. “ஒங்கப்பாவுக்கும் நரம்பு இங்கனதான் கெடச்சுச்சு.”

குழாய் நிறைந்தது. மெல்லப் புரட்டத் தொடங்கினாள். எட்டு ஆன பிறகும் புரட்டிக்கொண்டே இருந்தாள்.