லெந்து காலத்தில் நான் விட்ட மாத்திரை

ஒரு நாள் காலை பற்பசை மூடியைத் திருக என்னால் முடியவில்லை. கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே கணவர் செல்வினைக் கூப்பிட்டேன். அவர் வந்து இரண்டு விரலால் திறந்து கொடுத்துவிட்டுப் போனார். அப்போதுதான் என் கைகளைப் பார்த்தேன். பத்து விரல்களும் லேசாக வீங்கி விறைத்திருந்தன.

அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. எனக்கு வந்தது ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் உள்ள மார்பகப் புற்று (பெண் உடலில் ஊறும் ஈஸ்ட்ரோஜனையே தீனியாக்கி வளரும் வகை). அது திரும்பி வராமல் இருக்க, தினம் ஒரு லெட்ரோசோல் (மாதவிடாய் நின்ற பிறகும் உடலில் மிச்சம் ஊறும் ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் மாத்திரை) என்று ஐந்து ஆண்டுகளுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். கத்தியையே பார்த்துவிட்டு வந்தவள் நான், பொட்டு அளவு மாத்திரை என்ன செய்துவிடும் என்று இருந்தேன்.

எல்லாம் செய்தது. டிசம்பர்க் குளிரில் எங்கள் காக்ஸ் டவுன் பகுதியே ஸ்வெட்டரும் மஃப்ளருமாக நடமாட, நான் மட்டும் சர்ச்சில் ஆராதனைத் தாளால் விசிறிக்கொண்டிருந்தேன். கழுத்திலிருந்து சூடு குப்பென்று ஏறும். இரண்டு நிமிடத்தில் தொப்பலாக நனைந்துவிடுவேன், அப்புறம் குளிரும். அதையாவது பருத்திப் புடவையும் ஒரு காபி குறைவுமாகச் சமாளித்தேன். விரல்களைச் சமாளிக்க முடியவில்லை. இடது கை மோதிர விரல் மடங்கினால் அப்படியே பூட்டிக்கொள்ளும். வலது கையால் பிடித்து நிமிர்த்தினால் டக்கென்று சத்தம் கேட்கும். ஒன்பதரை மணிக்கு மேல்தான் விரல்கள் என் பேச்சைக் கேட்கும்.

நான் பள்ளியில் கணக்கு டீச்சர். அது சம்பளத்துக்கு. எங்கள் சபையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆர்கன் வாசிக்கிறேன். அது எனக்கு. ஈஸ்டர் விடியல் ஆராதனையை ஒரு ஆண்டுகூட நான் விட்டதில்லை. அது காலை ஐந்து மணிக்குத் தொடங்கும். இந்த விரல்களோடு ஐந்து மணிக்கு என்ன வாசிப்பது? வேறு யாரோ என் இடத்தில் உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிந்தது. உள்ளதைச் சொல்கிறேன், புற்று என்று கேட்ட நாளில்கூட அப்படி எரியவில்லை.

சாம்பல் புதன் வந்தது. அன்று தொடங்கி ஈஸ்டர் வரை வரும் நாற்பது நாள் லெந்து காலத்தில் எங்கள் சபையில் ஆளுக்குப் பிடித்த ஒன்றை விட்டுவிடுவார்கள். செல்வின் கறியை விட்டார், ஞாயிற்றுக்கிழமைகளில் கறி வாங்க சிவாஜிநகர் போவது நின்றது. பாடகர் குழுவை நடத்தும் சாமுவேல் அண்ணன் டீயை விட்டுவிட்டு எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார்.

நான் மாத்திரையை விட்டேன்.

"மாத்திரை போட்டாச்சா, கிரேஸ்?" என்று செல்வின் தினமும் கேட்பார். "ஆச்சு" என்பேன். மாத்திரை வாஷ்பேசின் வழியாகப் போயிருக்கும். ஈஸ்டர் முடிந்ததும் மறுபடி தொடங்கிவிடலாம், ஐந்து வருடத்தில் ஆறு வாரம் ஒரு பெரிய விஷயமா என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன். என் மாணவிகள் இப்படி ஒரு கணக்கை எழுதியிருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன்.

மூன்றாவது வாரத்தில் விரல்கள் இளகின. சந்தோஷத்தில் காலை ஆறு மணிக்கே எழுந்து வாசித்துப் பழகினேன்.

ஐந்தாவது வாரம் மருத்துவமனையில் பரிசோதனை நாள். ஈஸ்டருக்குப் பதினோரு நாள் இருந்தது. என் டாக்டர் கன்னடக்காரப் பெண்மணி, தமிழ் நன்றாகப் பேசுவார். செல்வின் என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். டாக்டர் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"நோடி... பாருங்க, நான் சொன்னேன்ல மேடம்? பொறுத்துக்கிட்டு போட்டா சில பேருக்கு தானா சரியாயிடும். வெளிய ஒரு அம்மா உக்காந்திருக்காங்க. இதே மாத்திரை, இதே வலி. நிறுத்திடறேன்னு அழுவறாங்க. நீங்க அஞ்சு நிமிஷம் அவங்ககிட்ட பேசறீங்களா? உங்க கைய காட்டுங்க, போதும்."

வரும்போதே அந்த அம்மாவைப் பார்த்திருந்தேன். மடியில் ஸ்கேன் கவரை வைத்துக்கொண்டு விரல்களை நீவிக்கொண்டிருந்தார். பொய் சொல்லி ஐந்து வாரம் ஓட்டியவளுக்கு இன்னும் ஐந்து நிமிடம் ஓட்டுவது கஷ்டமில்லை. ஆனால் என் கையைக் காட்டி அந்த அம்மாவை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை.

"நான் மாத்திரை போடல டாக்டர். அஞ்சு வாரமா."

செல்வின் திரும்பி என்னைப் பார்த்தார். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார். "வலி தாங்கலன்னா நானே ரெண்டு மூணு வாரம் நிறுத்தச் சொல்லி வேற மாத்திரை மாத்துவேன். இதுக்கெல்லாம் வழி இருக்கு மேடம். நீங்க சொன்னாத்தானே எனக்குத் தெரியும்?"

அந்த நிமிடம் எனக்கு ஏற்பட்ட அவமானத்தை எழுதத் தெரியவில்லை. நாற்பது நாள் தியாகம் போல ஒளித்துச் செய்ததை ஒரு வாய் வார்த்தை கேட்டு முறையாகவே செய்திருக்கலாம். எக்ஸெமெஸ்டேன் (அதே வேலையைச் செய்யும் வேறொரு மாத்திரை) எழுதிக் கொடுத்தார். ஈஸ்டருக்குப் பிறகு தொடங்கட்டுமா என்று கேட்டேன். "இன்னைக்கே" என்றார்.

வெளியே அந்த அம்மாவைத் தலை நிமிர்ந்து பார்க்காமல் கடந்து போனேன்.

வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் செல்வின் தண்ணீரையும் மாத்திரையையும் என் முன்னால் வைத்தார்.

"தினம் கேட்டனே. என் மூஞ்சிய பாத்துக்கிட்டே எப்டி ஆச்சுன்னு சொன்ன?"

"ஆர்கன் போயிடும்னு பயமா இருந்திச்சுங்க."

"எனக்கு நீ போயிடுவியோன்னு பயமா இருக்கு" என்றார்.

மாத்திரையை விழுங்கினேன்.

ஒரு வாரத்தில் விறைப்பு திரும்பியது. முன்பைவிடக் குறைவு, ஆனாலும் விடியற்காலையில் விரல்கள் முழுதாக மடங்கவில்லை. பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி வெந்நீரில் கை வைத்து மடக்கி நீட்டினேன், மாலையில் முக்கால் மணி நேரம் நடந்தேன். எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் (இந்த மாத்திரைகள் எலும்பைத் தேய்க்குமா என்று பார்ப்பது) செய்துகொண்டேன், கால்சியம் தொடங்கினார்கள். சனிக்கிழமை ஒத்திகையில் வாழ்நாளில் முதல்முறையாகப் பாடகர் குழுவிடம் முடியாது என்று வாய் திறந்தேன்.

"நாளைக்கு நாலு குரலும் என்னால வாசிக்க முடியாது அண்ணே. மேல சோப்ரானோ, கீழ பாஸ். அவ்ளோதான் வரும். வேற ஆள் போடறதுன்னா போடுங்க."

சாமுவேல் அண்ணன் கண்ணாடியைத் துடைத்தார். "ரெண்டு வாசிம்மா. நடுவுல இருக்கறத நாங்க பாத்துக்கறோம்."

ஈஸ்டர் அன்று சர்ச் நிரம்பியிருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் நான்கு குரல், கைக்கு இரண்டு. அன்று என் வலது கை ராகத்தை மட்டும் வாசித்தது, இடது கை ஒரு விரலால் பாஸைத் தொட்டுத் தொட்டுப் போனது. முதல் சரணத்தில் நடுவில் ஓட்டையாக இருந்தது எனக்கே கேட்டது. காது சூடானது. அது மாத்திரைச் சூடா வெட்கமா என்று தெரியவில்லை.

எங்கள் சபையில் டெனர் (ஆண்களின் மேல் குரல்) பாடுகிற வீடு என்றால் தலைமுறையாக டெனர்தான். இரண்டாம் சரணத்தில் பாடகர் குழுவோடு பின் பெஞ்சுகளிலிருந்து டெனர் எழுந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஆல்டோ (பெண்களின் கீழ்க் குரல்) வந்தது. மூன்றாம் சரணத்தில் நான்கு குரலும் நிறைந்துவிட்டன. இத்தனை ஆண்டுகள் என் சத்தத்துக்கு அடியில் அவர்கள் இதைத்தான் பாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்தது, ஆனாலும் வாசிப்பை நிறுத்தவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

அன்று டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த அம்மா, உங்களை மறுபடி பார்க்க வாய்க்கவில்லை. உங்களோடு அன்றைக்குப் பேசியிருக்க வேண்டியதுதான் இது. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டாம், யாருக்கும் தெரியாமல் நிறுத்தவும் வேண்டாம். டாக்டரிடம் சொல்லுங்கள். எனக்குச் சரிப்பட்டது உங்களுக்குச் சரிப்படாமல் போகலாம், ஆனால் சொன்னால்தான் வழி பிறக்கும்.

இன்னும் மூன்று ஆண்டுகள் மாத்திரை உண்டு. செல்வின் இப்போது கேட்பதில்லை. காலைச் சாப்பாடு முடிந்ததும் நானே அவர் எதிரில் நின்று போடுகிறேன். என் நாள் கடிகாரத்தோடு தொடங்குவதில்லை, விரல்கள் எழும்போதுதான் தொடங்குகிறது. ஐந்து மணிக்கு என்னிடம் இரண்டு குரல் இருக்கிறது. பத்து மணிக்கு நான்கும் வந்துவிடும். இரண்டையும் என் வாசிப்பு என்றே சொல்லிக்கொள்கிறேன்.