இரண்டு முறை அடிக்கும் மணி

"திரும்பி வர டிக்கெட் வேண்டாமா?" என்று கேட்டாள் கேபிள் கார் டிக்கெட் ஜன்னலில் இருந்த மார்லீஸ்.

"வேண்டாம். நாலு சிகரத்தையும் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிடுவேன்" என்றார் காசியன்.

கூட யார் வருகிறார்கள் என்று கேட்டாள். பூட்ஸ் ரெண்டும் வருது என்றார். பத்திரமாக இறங்கியது வீட்டுக்கு எப்படித் தெரியும் என்றாள். வீட்டில் இருப்பது ஒரு சுவர்க்கடிகாரம்தான், அது யாரையும் தேடாது என்றார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தபோது, யோசிக்காமலே அவள் வாயிலிருந்து வந்துவிட்டது: "இறங்கினதும் இங்க ஒரு போன் பண்ணுங்க."

காசியன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு தடவ அடிச்சதும் வெச்சிடுவேன். நீ எடுக்காத. எடுத்தா பேசணும்."

அது அவளுக்கும் சௌகரியமாக இருந்தது. இத்தாலியின் வடக்கே, தென் டைரோல் மலைப்பகுதியின் அந்தக் கேபிள் கார் நிலையத்தில் அவள் ஜெர்மனிலும் இத்தாலியனிலும் டிக்கெட் விற்றாள். இரண்டிலும் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டாள்.

காசியன் மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பனி விழும்வரை புதன்கிழமை தோறும் வருவார். வாரநாளில் முகட்டுப் பாதையில் ஆள் நடமாட்டம் இருக்காது. சிகரத்தின் உச்சியில் நட்டிருக்கும் சிலுவையடியில் சந்திப்பவர்கள் கைகுலுக்கிக்கொள்வது அங்கே வழக்கம். ஒவ்வொரு சிகரத்துக்கும் முன்னால் வலது கையுறையைக் கழற்றிவிடுவாராம். மேலே யாரும் இல்லாவிட்டால் திரும்ப மாட்டிக்கொண்டு நடப்பாராம். அவரே சொன்னது.

மாலையில் போன் இரண்டு முறை அடித்து ஓயும். அதன் பிறகுதான் மார்லீஸ் டிக்கெட் ஜன்னலைச் சாத்துவாள்.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை அது அடிக்கவில்லை. கடைசிப் பெட்டியும் கீழே வந்துவிட்டது. முகட்டை மேகம் மூடிக்கொண்டிருந்தது. காசியனுக்குப் பாறையே ஒதுங்கி வழிவிடும், நீ வீட்டுக்குப் போ என்றான் மெக்கானிக் எர்வின். அவள் போகவில்லை. மீட்புக் குழுவுக்குச் சொன்னாள். விளக்குகளோடு ஏறியவர்களை அவள் கீழிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் தேடிக் கண்டுபிடித்தபோது காசியன் அடுத்த பள்ளத்தாக்கின் விடுதியில் சீட்டாடிக்கொண்டிருந்தார். ஆட்டத்துக்கு நாலாவது கை குறைந்திருக்கிறது. மூலையில் சூப் குடித்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. போன் அவர் நினைவில் நிற்கவில்லை.

ஊர் அவளை விட்டுவைக்கவில்லை. "உன் மாப்பிள்ளை ஜெயிச்சாரா தோத்தாரா, கேட்டியா?" என்று எர்வின் ஒரு வாரம் ஓட்டினான். அவள் காது சிவக்கத் தலையைக் குனிந்துகொண்டாள். இனி இந்த போன் ஏற்பாடே வேண்டாம் என்று அவர் சொல்லிவிடுவார் என நினைத்தாள்.

அடுத்த புதன்கிழமை காசியன் வந்தார். போக மட்டும் ஒரு டிக்கெட் வாங்கினார். வாங்கிய பிறகும் ஜன்னலை விட்டு நகரவில்லை.

"ரொம்பக் கேலி பண்ணாங்களோ?"

"பண்ணாங்க."

"என்னைத் தேடிக்கிட்டு ஆள் வந்தது இதான் மொத தடவ" என்றார். வலது கையுறையைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். "இன்னொரு நாள் மணி அடிக்கலன்னா, சீட்டாடிக்கிட்டு இருப்பார்னு விட்டுடாத, மார்லீஸ். அன்னைக்கும் ஆள் அனுப்பு."