பதினைந்தைத் தொட்டால் சொல்

வளைகாப்பு முடிந்ததும் மேட்டுப்பாளையத்தில் இருக்கும் தாய்வீட்டுக்கு என் மனைவியைக் கூட்டிப்போக அவள் வீட்டார் கேட்டார்கள். நான்தான் விடவில்லை. வலி வந்தால் குன்னூரிலிருந்து என் காரிலேயே கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கிவிடுவேன் என்று சபையில் வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். அவளில்லாத வீட்டில் எனக்கு என்ன வேலை?

பழைய கார். மேட்டில் திணறுகிறதே என்று குன்னூரிலேயே ட்யூன் செய்தேன். இங்கே காற்று மெல்லிசு என்பதால் மெக்கானிக் பெட்ரோலைக் குறைத்து வைத்தார். வண்டி பறந்தது. அப்புறம்தான் யோசித்தேன். கீழே காற்று அடர்த்தி. அந்தப் பெட்ரோல் பத்தாது, எஞ்சின் வெந்துபோகும். கீழே ஓடுவதற்குச் சரி செய்தால் மேலே திணறும். மலைக்காரர்களின் மடத்தனம் இது: உலகமே குன்னூர் உயரத்தில் இருப்பதாக நினைப்பு.

காற்றும் பெட்ரோலும் எந்த அளவில் கலந்து எரிகின்றன என்று காட்டும் வைட்பேண்ட் மீட்டர் ஒன்று வாங்க முடிவு செய்தேன். எண் ஏறினால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம்; அழுத்தி ஓட்டும்போது பதினைந்தைத் தொட்டால் எஞ்சினுக்கு ஆபத்து. முள் வைத்ததா, எண் காட்டுவதா? முள்தான் டேஷ்போர்டுக்கு அழகு. ஆனால் கொண்டை ஊசி வளைவில் ரோட்டைப் பார்ப்பேனா, முள்ளைப் பார்ப்பேனா? ஒரு வாரம் தூக்கமில்லை. என் செல்போனில் இருந்த மீட்டர் படங்களை எட்டிப் பார்த்து அவள்தான் முடித்துவைத்தாள்.

"முள்ளெல்லாம் எனக்குப் புரியாதுங்க. நம்பர்னா படிச்சுச் சொல்லுவேன்."

எண்ணே வாங்கினேன். அடுத்த செக்கப்புக்கு இறங்கினோம். "பதினஞ்சைத் தொட்டா சொல்லு" என்றேன். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டருக்கு வேலையே இல்லை, ஒன்றும் தெரியவில்லை. மலையடிவாரத்தில் கல்லாறு தாண்டி நேர்ரோட்டில் அழுத்தினேன்.

"பதிமூணரை... பதினாலு... பதினாலரைங்க."

"ஒழுங்காப் பாரு!"

"என் கண்ணு நல்லாத்தானுங்க இருக்குது. பதினஞ்சு."

ஓரங்கட்டினேன். அவள் வயிற்றில் கைவைத்தபடி கேட்டாள்:

"ஏனுங்க, வலி வந்தா இதுல வேகமாப் போக முடியுங்களா?"

முடியும் என்று சொல்லத்தான் ஆசை. சிவப்பில் அந்த எண் எரிந்துகொண்டிருந்தது.

"முடியாது."

"அப்ப எங்கம்மா ஊட்டுலயே உட்டுருங்க."

ஆமை வேகத்தில் ஓட்டிப்போய் அங்கேயே இறக்கிவிட்டேன். செக்கப்புக்கு மாமனார் வாடகைக் காரில் கூட்டிப்போனார்.

நான் தனியாக மலையேறினேன். ஏற ஏற எண் குறைந்துகொண்டே வந்து, குன்னூரில் பதிமூன்றில் அம்சமாக நின்றது. படித்துச் சொல்லத்தான் பக்கத்தில் ஆளில்லை.