அக்காவின் மூக்கு பொய் சொல்லவில்லை

அக்கா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் நீங்கள் எல்லோரும் அவர் கையால் ஒரு வாயாவது சாப்பிட்டவர்கள். நல்லதை மட்டும் எழுது என்று வீட்டில் சொன்னார்கள். அக்காவைப் பற்றி எழுத நல்லது மட்டும்தான் இருக்கிறது. கெட்டதெல்லாம் என்னைப் பற்றியது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அக்கா பிறந்தது சுசீந்திரத்துக்குப் பக்கத்தில். எனக்கு ஏழு வயது மூத்தவர். அப்பா காலமானபோது பத்தாம் வகுப்பில் இருந்தார். அம்மா நாற்று நடப் போக, என்னைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியது அக்காதான். பிறகு கருங்கல் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனார். கல்யாணமான ஆறாம் வருடமே அத்தான் தவறிவிட்டார், பிள்ளைகள் இல்லை. நம் வீட்டுக்கே வந்துவிடு என்று கூப்பிட்டோம். அக்கா அசையவில்லை. அங்கேயே பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையலராகச் சேர்ந்தார். பருப்பு பழசா புதுசா என்று மூட்டையைப் பிரிக்கும்போதே சொல்லிவிடும் மூக்கு அவருக்கு.

அந்த மூக்குதான் ஐம்பது வயதில் அவரைப் படுத்திவிட்டது. வீட்டில் ஏதோ செத்துக் கிடக்கிறது என்றார். எனக்கு ஒரு நாற்றமும் தெரியவில்லை. இருந்தாலும் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற வேலைக்கு இரண்டு நாள் லீவு போட்டு, கூரை ஓட்டைப் பிரித்து எலி தேடினேன். எலி இல்லை. செய்வினை வைத்திருக்கிறார்கள், வாசலைத் தோண்டு என்று சொன்ன பெரியவர்களும் இதைப் படிப்பீர்கள். தோண்டினோமே! ஒரு பழைய செருப்புதான் கிடைத்தது.

பிறகு நாற்றம் பள்ளிக்கூடத்துக்கும் போனது. ஒருநாள், கெட்டுவிட்டது என்று ஒரு அண்டா சாம்பாரை அக்கா கீழே கொட்டிவிட்டார். உதவியாளர் மேரி ருசி பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தும் கேட்கவில்லை. பிள்ளைகள் அன்று வெறும் சோறும் முட்டையும் தின்றார்கள். பத்து நாளில் மறுபடியும் கொட்டினார். பெற்றோர்கள் திரண்டு வந்தார்கள். மனநிலை சரியாக இருக்கிறது என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வந்தால்தான் வேலை என்று மேலே இருந்து சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரம்தான் சித்தப்பா மகள் கல்யாணம். பந்தியில் யாரோ அக்காவை விசாரித்தார்கள். "எங்க அக்காக்கு கிறுக்கு பிடிச்சாச்சு" என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். நிமிர்ந்தால், அவியல் வாளியோடு எதிரே நிற்கிறார் அக்கா. எனக்கும் ஒரு கரண்டி வைத்துவிட்டு நகர்ந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் பேசினார். "கிறுக்குன்னே வச்சுக்க மக்கா. நாளைக்கு நெசமாவே கெட்டுப் போனத நல்லதுன்னு நெனச்சு பிள்ளைகளுக்கு வெளம்பிட்டா நான் என்ன செய்வேன்?" வேலை போவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

நாகர்கோவிலில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அக்கா பேசியதைப் பொறுமையாகக் கேட்டிருக்கிறார். குனிந்து பெருக்கும்போது நாற்றம் கூடுகிறது, கன்னம் கனக்கிறது என்று அக்கா சொன்னதும், முதலில் மூக்கைக் காட்டிவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

காது மூக்கு தொண்டை டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பக்கம்?"

அக்கா மூக்கின் ஒரு பக்கத்தைப் பொத்தினார், பிறகு மற்றதைப் பொத்தினார். இடது பக்கம்தான். ஆறு மாதமாக நாங்கள் வீட்டைத் தோண்டினோம், ஓட்டைப் பிரித்தோம். ஒருவரும் இதைக் கேட்கவில்லை.

மூக்கைச் சுற்றிக் கன்னத்திலும் நெற்றியிலும் எலும்புக்குள் காற்று நிறைந்த சின்ன அறைகள் இருக்கின்றன, அவைதான் சைனஸ் என்று டாக்டர் விளக்கினார். சாதாரணச் சளி பெரும்பாலும் இரண்டு பக்கமும் படுத்தும். ஒரே பக்கம், அதுவும் நாற்றத்தோடு என்றால் காரணத்தைத் தேடிப் பார்க்க வேண்டுமாம். ஸ்கேனில் வலது கன்னத்து அறை கறுப்பாக, காற்றோடு இருந்தது. இடது அறை சாம்பல் நிறமாக அடைத்துக் கிடந்தது. அதற்கு நேர் கீழே மேல் கடைவாய்ப் பல்லின் வேர் சொத்தையாகிச் சீழ் பிடித்திருந்தது. அந்தச் சீழ்தான் மேலே ஏறியிருக்கிறது.

பல் வலிக்கவில்லையா என்று கேட்டார் டாக்டர். வலித்தால் கிராம்பு வைத்துக்கொள்வேன் என்றார் அக்கா. மலையில் கிராம்பு விளைகிற ஊர்க்காரர்களுக்கு வேறென்ன தோன்றும்? இரண்டு வருடமாகக் கடைவாயில் கிராம்பை ஒதுக்கியே சமைத்திருக்கிறார். கிராம்பு வலியை அடக்குமே தவிரப் புண்ணை ஆற்றாது என்றார் டாக்டர். அக்காவுக்கு வெட்கமாகிவிட்டது.

பல்லை எடுத்தார்கள். மருந்து கொடுத்து, பிறகு மூக்கு வழியாகவே குழாய் விட்டு அடைப்பையும் சுத்தம் செய்தார்கள். சில வாரம் கழித்து நான் போனபோது, அக்கா கொல்லைப்புறத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"அடுத்த வீட்ல சாளை மீன் பொரிக்காங்க, இல்லியா மக்கா?"

"ஆமாக்கா, எனக்கும் மணக்கு" என்றேன். அப்படியே முந்தானையை வாயில் பொத்தி அழுதார்.

இரண்டு டாக்டர்களின் கடிதத்தோடும் வேலைக்குத் திரும்பினார். அன்றிலிருந்து மேரியும் முகர்ந்து பார்த்துச் சரி என்றால்தான் மூடி திறக்கும், பந்தி தொடங்கும். ஓய்வு பெறும் வரை அந்த முறையை அக்கா மாற்றவில்லை.

யார் மூக்கை உறிஞ்சினாலும் எந்தப் பக்கம் என்று கேட்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. நாங்கள் கேலி செய்தோம். முட்டத்தில் மீன் பிடிக்கிற மேரியின் அண்ணனுக்கு மூக்கில் ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, அவ்வப்போது ரத்தம். உஷ்ணம் என்று விட்டிருந்தார். அக்கா விடாமல் நச்சரித்து டாக்டரிடம் அனுப்பினார். உள்ளே ஒரு சதை வளர்ந்திருந்ததாம். காலத்தில் எடுத்துவிட்டார்கள். இன்றும் அவர் கடலுக்குப் போகிறார்.

கடைசியில் அக்காவைக் கொண்டுபோனது இதயம். மருத்துவமனையில் மூன்றாம் வாரம், ஒரு மத்தியானம், நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு துண்டால் மூக்கைத் துடைத்தேன். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

"ஏலே, எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமுந்தான்க்கா."

"அப்பம் பயப்படாண்டாம். அது அழுகைதான்."

சிரித்துவிட்டுக் கண்ணை மூடினார். கல்யாண வீட்டில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க அன்றாவது வாயெடுத்திருக்கலாம். எழுந்ததும் கேட்போம் என்று இருந்தேன். அவர் எழவில்லை.

ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் மாறி மாறி உட்கார்ந்த மேரிக்கும் அவர் வீட்டாருக்கும், ரத்தம் கொடுத்த பழைய மாணவர்களுக்கும், அக்கா பேச்சைக் கேட்க நேரம் ஒதுக்கிய அந்த இரண்டு டாக்டர்களுக்கும், இன்று தூரத்திலிருந்து வந்திருக்கும் உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒன்று. அந்தக் கல்யாணப் பந்தியில் என்னோடு சிரித்தவர்களில் பாதிப்பேர் இன்றைய பந்தியிலும் இருக்கிறீர்கள். அன்று நான் சொன்னது தப்பு. அக்காவுக்குக் கிறுக்கு இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. அவர் இருக்கும்போது சொல்லாததை, அவர் சோறு தின்ற உங்கள் முன்னால் சொல்லிவிட்டேன்.